சான்றிதழ் ஒன்றானால் கை ஒன்றாகுமா?

மனித இதயத்துக்கு எந்த நாட்டிலும் நான்கு அறை, நான்கு வால்வு. மைசூருவில் திறந்தாலும் மான்செஸ்டரில் திறந்தாலும் மகாதமனி இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. அப்படியிருக்க, அதை வெட்டித் தைக்கிறவருக்கு மட்டும் நாட்டுக்கு ஒரு பயிற்சி எதற்கு? உலகம் முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு, எங்கும் செல்லுபடியாகும் ஒரே சான்றிதழ் என்று வைத்துவிட்டால் நோயாளிக்கும் பயமில்லை, மருத்துவருக்கும் அலைச்சல் இல்லை. மருத்துவ வட்டாரத்தில் இதை எதிர்ப்பவர் அதிகம் இல்லை. எதிர்த்தால் தரத்துக்கே எதிரி என்று பெயர் வாங்க வேண்டியிருக்கும் என்பதால் பலரும் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்குத் தலையாட்ட மனம் வரவில்லை.

இந்தக் கட்சிக்காரர்கள் தவறாமல் எடுத்துவிடும் உதாரணம் விமானி. விமானிக்கு உலகெங்கும் ஏறத்தாழ ஒரே அளவுகோல், அதனால்தான் விமானப் பயணம் இவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறது, அறுவை மருத்துவர் மட்டும் ஏன் விதிவிலக்கு என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் மைசூரு மண்டகள்ளி விமான நிலையத்தில் இறங்கும் ஏ.டி.ஆர். விமானமும் பிரான்ஸில் இறங்கும் ஏ.டி.ஆர். விமானமும் துலூஸ் நகரில் ஒரே இடத்தில் பூட்டப்பட்டவை. குறித்த நாளில் சோதனை நடக்காவிட்டால் அதைப் பறக்கவே விடமாட்டார்கள். மைசூரு ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்குகிற நோயாளியை யாரும் குறித்த நாளில் சோதித்ததில்லை.

கே.ஆர்.எஸ். சாலையில், மகாராஜா காலத்துக் காசநோய் சானடோரியம் உள்ள பகுதியில், கர்நாடக அரசின் ஜெயதேவா இதய மருத்துவமனையின் மைசூருக் கிளை இருக்கிறது. அங்கே காலையில் வரிசையில் நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். மண்டியா, சாமராஜநகர், குடகு, எச்.டி. கோட்டேயின் காட்டோரக் கிராமங்கள். தமிழ்நாட்டுப் பக்கமிருந்தும் தாளவாடிக்காரர், கூடலூர்க்காரர் என்று வருவார்கள். அவர்களுக்குக் கோவையைவிட மைசூரு கைக்கெட்டும் தூரம். இவர்களில் ஒரு பகுதியினருக்கு இருக்கும் நோய், இன்று லண்டனிலோ பாஸ்டனிலோ பயிற்சி பெறும் இளம் அறுவை மருத்துவர் அரிதாகவே பார்க்கக்கூடியது. வாதக் காய்ச்சலால் வரும் வால்வு நோய் அது.

சிறு வயதில் தொண்டை வலி வந்திருக்கும், கஷாயத்தோடு விட்டிருப்பார்கள். பிறகு மூட்டு வீங்கியிருக்கும், அதுவும் தானாக வடிந்திருக்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். போடவில்லை. இருபது வயதில், பல பெண்களுக்குப் பிரசவ நேரத்தில், மூச்சு வாங்கும்போதுதான் மைட்ரல் வால்வு தழும்பேறிச் சுருங்கிப்போனது தெரியவரும். மேற்கு நாடுகளில் இந்த நோய் அரை நூற்றாண்டுக்கு முன்பே அடங்கிவிட்டது. அங்கே வால்வு என்றால் பெரும்பாலும் எழுபது, எண்பது வயதில் சுண்ணாம்பு படிந்த மகாதமனி வால்வு.

இரண்டும் வால்வு அறுவைதானே என்று கேட்கலாம். தையல் ஒன்றாக இருக்கலாம், முடிவு ஒன்றில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு எந்த வால்வு பொருத்துவது? இளம் வயதுக்கு மெக்கானிகல் வால்வு என்று புத்தகம் சொல்லும். அதைப் பொருத்தினால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க அசிட்ரோமோ வார்ஃபரினோ விழுங்க வேண்டும், ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறாமல் செய்து மாத்திரையின் அளவை மாற்ற வேண்டும். பரிசோதனைக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வர வேண்டிய பெண் எத்தனை மாதம் வருவாள்? அவள் குழந்தை பெற விரும்பினால் அந்த மாத்திரையே கருவுக்கு ஆபத்து. திசு வால்வு வைத்தால் இளம் உடலில் அது சீக்கிரம் கெட்டுவிடும், மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். ஆகவே எப்பாடு பட்டாவது அவளுடைய சொந்த வால்வையே செப்பனிட்டுத் தர முடியுமா என்று பார்க்கிற கையும் பொறுமையும் இங்கே வேண்டும். தழும்பேறிய வால்வைச் செப்பனிடுவது, முதியவரின் தளர்ந்த வால்வைச் செப்பனிடுவதைவிடக் கடினமான வேலை. அதை எங்கே கற்பது? நோய் இருக்கும் இடத்தில்தான் கற்க முடியும். பெங்களூரு ஜெயதேவா, சுருங்கிய மைட்ரல் வால்வை பலூனால் விரிக்கும் சிகிச்சையை உலகிலேயே மிக அதிகமாகச் செய்யும் இடங்களில் ஒன்று. அங்கே பயில்கிறவர் பார்ப்பதை ஐரோப்பியத் தேர்வின் வினாத்தாள் எதற்குக் கேட்கப் போகிறது?

உலகப் பாடத்திட்டம் என்று ஒன்று எழுதினால் அதை யார் எழுதுவார்கள் என்பதுதான் என் முதல் சந்தேகம். பைபாஸ் அறுவையை எடுத்துக்கொள்வோம். இதயத்தை நிறுத்திவிட்டு, ரத்த ஓட்டத்தை ஹார்ட்-லங் மிஷினிடம் ஒப்படைத்துச் செய்வது ஒரு முறை. துடிக்கும் இதயத்திலேயே, தைக்கும் இடத்தை மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டு செய்வது இன்னொன்று. இந்தியாவில் பைபாஸ் அறுவைகளில் பெரும்பங்கு இரண்டாம் முறையில் நடக்கிறது. அமெரிக்காவில் அது சிறுபான்மை. எது சரி? 2009இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு, மிஷின் இல்லாமல் செய்தவர்களுக்கு ஓராண்டு முடிவில் பலன் குறைவு என்றது. அந்த ஆய்வில் பங்கேற்கும் மருத்துவர் அந்த முறையில் இருபது அறுவை செய்திருந்தால் போதும் என்று வைத்திருந்தார்கள். 2012இல் கனடா முன்னின்று 19 நாடுகளில் நடத்திய ஆய்வு, நூற்றுக்கு மேல் செய்தவர்களையே சேர்த்தது; இந்திய மையங்களும் அதில் இருந்தன. முப்பது நாள் முடிவில் இரண்டு முறைக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இரண்டு ஆய்வுக்கும் இடையே வேறு வேறுபாடுகளும் உண்டு என்றாலும், என் கண்ணில் முதலில் படுவது கையின் பழக்கம்தான். உலகப் பாடத்திட்டக் குழு ஒன்று 2009இல் உட்கார்ந்திருந்தால், இந்திய மருத்துவர்கள் நன்றாகச் செய்துகொண்டிருந்த ஒன்றைத் தரக்குறைவு என்று முத்திரை குத்தி மூலையில் போட்டிருக்கும்.

இந்தியாவில் இதய அறுவை வளர்ந்த வழியையும் பார்க்க வேண்டும். 1948இல் பாஸ்டனிலிருந்து வந்த ரீவ் பெட்ஸ் வேலூர் சி.எம்.சி.யில் நெஞ்சறுவைத் துறையைத் தொடங்கினார். காசநோய் நுரையீரலை அறுத்துப் பழகிய கைகள்தான் பிறகு இதயத்துக்கு வந்தன. கே.எம். செரியன் வேலூரில் இருந்துவிட்டு, ஆஸ்திரேலியாவில் பயின்று திரும்பி, 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நாட்டின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார். யோசித்துப் பாருங்கள், ரயில்வே ஊழியர்களுக்கான ஓர் அரசு ஆஸ்பத்திரி. எம்.எஸ். வலியத்தான் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பயின்றவர். வெளிநாட்டு வால்வின் விலை நம் நோயாளிக்குக் கட்டுப்படியாகாது என்று கண்டு, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை மருத்துவ நிறுவனத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சொந்த வால்வை உருவாக்கினார். 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. தேவி ஷெட்டி லண்டன் கைஸ் மருத்துவமனையிலிருந்து திரும்பியவர். அவருடைய நாராயணா குழுமம் மைசூருவில் கட்டிய ஆஸ்பத்திரியில் அறுவை அரங்கையும் தீவிர சிகிச்சைப் பிரிவையும் தவிர மற்ற இடங்களுக்குக் குளிர்சாதனம் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். நோயாளியின் உறவினருக்கே பராமரிப்பு கற்றுக்கொடுத்தார்கள்.

இவர்கள் எல்லோரும் வெளிநாட்டுத் தரமான பயிற்சி பெற்றவர்கள்தானே, நீர் எங்கள் வாதத்துக்கே சாட்சி சொல்கிறீர் என்று எதிர்த்தரப்பு மடக்கலாம். பெற்றார்கள், உண்மைதான். ஆனால் ஆளுக்கொரு நாட்டில், ஆளுக்கொரு ஆசானிடம், ஆளுக்கொரு பழக்கத்தைக் கற்றார்கள். திரும்பி வந்து கற்றதில் பாதியை மாற்றினார்கள். வலியத்தான் படித்த பாடத்திட்டத்தில் கட்டுப்படியாகும் விலையில் வால்வு செய்வது என்று ஒரு பாடம் இருந்திருக்காது.

அடுத்து அங்கீகாரம். பொதுச் சான்றிதழ் வந்தால் எல்லா நாடும் எல்லா மருத்துவரையும் சமமாக நடத்தும் என்கிறார்கள். இன்றைய நிலவரம் என்ன? 2008லிருந்தே அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளின் முதுநிலை மருத்துவப் பட்டங்களை இந்தியா ஏற்றுக்கொள்கிறது. மறுபக்கம், இங்கே எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு மூன்றாண்டு எம்.எஸ்., அதன்மேல் மூன்றாண்டு எம்.சிஎச். முடித்து, நூற்றுக்கணக்கில் அறுவை செய்தவர், அமெரிக்க வாரியத்தின் சான்று வேண்டுமென்றால் அநேகமாக மறுபடி ரெசிடென்சியில்தான் போய் நிற்க வேண்டும். கதவு ஒரு பக்கமாகத்தான் திறக்கிறது. அதற்குக் காரணம் பாடத்திட்ட வேறுபாடு என்று நம்புகிறவர்கள் கேமன் தீவுகளைப் பார்க்கட்டும். அங்கே நாராயணா குழுமம் 2014இல் மருத்துவமனை திறந்தது. அதற்காக அந்த அரசு தன் சட்டத்தைத் திருத்தி இந்தியப் பட்டங்களை ஏற்றுக்கொண்டது. எந்த உலகத் தேர்வும் நடக்கவில்லை. தேவை வந்தது, சட்டம் மாறியது.

பொது அங்கீகாரம் முழு அளவில் நடைமுறையில் இருக்கும் இடம் ஐரோப்பிய ஒன்றியம். 2005ஆம் ஆண்டின் விதிப்படி நெஞ்சறுவைக்குக் குறைந்தது ஐந்தாண்டுப் பயிற்சி, ஒரு நாட்டின் பட்டம் மற்ற நாடுகளில் தானாகச் செல்லும். 2007இல் ருமேனியாவும் பல்கேரியாவும் ஒன்றியத்தில் சேர்ந்தன. ஆயிரக்கணக்கான ருமேனிய மருத்துவர்கள் ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் பிரிட்டனுக்கும் கிளம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல சம்பளம் தேடிப் போவது யாருக்கும் உள்ள உரிமை. ஆனால் இதை ஏழை நாட்டு நோயாளிக்குச் செய்யும் உபகாரம் என்று மட்டும் சொல்லாதீர்கள். இலங்கையில் கொழும்பின் பட்டமேற்படிப்பு நிறுவனம் நிபுணர் ஆவதற்கு வெளிநாட்டுப் பயிற்சிக் காலம் ஒன்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. போனவர்களில் எத்தனை பேர் திரும்புவார்கள் என்பது அங்கே தீராத கவலை. உலகில் சுமார் 600 கோடிப் பேருக்கு இதய அறுவை கைக்கெட்டவில்லை என்பது நிபுணர்கள் சொல்லும் மதிப்பீடு. பயிற்சி பெற்றவர் இடம்பெயர்வதை எளிதாக்கும் திட்டம் இந்த 600 கோடியை எப்படிக் குறைக்கும்?

இதைவிடப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். பொதுத் தேர்வு வைத்தால் நோயாளி பாதுகாப்பாக இருப்பார் என்ற நம்பிக்கையை பிரிட்டனின் பிரிஸ்டல் நகரமே உடைத்துவிட்டது. அங்கே 1980களிலும் 90களிலும் குழந்தைகளுக்கு இதய அறுவை செய்தவர்கள் முறையான பட்டமும் பதவியும் உள்ள மூத்த மருத்துவர்கள். 1991க்கும் 1995க்கும் இடையில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில், வழக்கமாக எதிர்பார்க்கக்கூடியதைவிட 30 முதல் 35 பேர் அதிகமாக இறந்தார்கள் என்று இயன் கென்னடி தலைமையிலான விசாரணை 2001இல் கண்டது. அதைத் தேர்வு வாரியம் கண்டுபிடிக்கவில்லை, ராயல் கல்லூரி கண்டுபிடிக்கவில்லை. ஸ்டீபன் போல்சின் என்ற மயக்க மருத்துவர், எத்தனை குழந்தை உள்ளே போகிறது, எத்தனை உயிரோடு வெளியே வருகிறது என்று கணக்கு எழுதினார். அந்தக் கணக்குதான் கண்டுபிடித்தது. அவர் பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார் என்பது கதையின் கசப்பான பகுதி. பிரிஸ்டலுக்குப் பிறகு பிரிட்டன் செய்த உருப்படியான வேலை, இதய அறுவை முடிவுகளைப் பொதுவில் வைத்தது.

இன்னோர் உதாரணம் மார்க் டி லெவல். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் உலகப் புகழ் பெற்ற அறுவை மருத்துவர். பிறந்த குழந்தைகளின் இடம் மாறிய பெருந்தமனிகளை மாற்றித் தைக்கும் அறுவையில், முதல் 52 குழந்தைகளில் ஒரே ஒரு மரணம். அடுத்த 16 குழந்தைகளில் ஏழு பேர் இறந்தார்கள். துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிடாமல் அவர் அதைப் புள்ளியியல் கொண்டு அலசினார். இழப்பு குறைவாக இருந்த வேறொரு மையத்துக்குப் போய் மறுபடி கற்றார். அதன் பிறகு மரணம் குறைந்தது. தன் தோல்விகளை 1994இல் தானே கட்டுரையாக வெளியிட்டார். அந்தப் பதினாறு குழந்தைகளின் காலத்திலும் அவரிடம் அதே சான்றிதழ்தான் இருந்தது.

ஒரே தேர்வின் அருமையை அறிய நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. இந்தியாவிலேயே டி.என்.பி. என்ற நாடு தழுவிய தேர்வு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. உயர்சிறப்புப் படிப்புகளுக்கு 2017 முதல் நீட்-எஸ்.எஸ். என்ற பொது நுழைவுத் தேர்வும் வந்தது. கணினி முன் உட்கார்ந்து விடை தேர்ந்தெடுப்பதில் நாடு முழுக்க ஒரே தரம் வந்துவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் இதய அறுவைப் படிப்பில் ஆண்டுதோறும் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன; நிரப்புவதற்குத் தகுதி மதிப்பெண்ணையே இறக்க வேண்டிவந்தது. ஒரே பட்டம் வாங்கிய இருவரில் ஒருவர் தானே வால்வு மாற்றியிருப்பார், இன்னொருவர் மூன்றாண்டும் சீஃபுக்கு அசிஸ்ட் செய்துவிட்டு, காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்துக்கொடுத்துவிட்டு வந்திருப்பார். லாக் புக்கில் இரண்டு பேருக்கும் பக்கம் நிறைந்திருக்கும். தொழிலில் இருப்பவர்கள் டீக்கடையில் பேசுவது இதைத்தான், மேடையில் ஏறினால் உலகத் தரம் பேசுவார்கள்.

தரப்படுத்தல் என்றால் தேர்வு மட்டும் ஏன் இவர்கள் நினைவுக்கு வருகிறது என்றும் கேட்க வேண்டும். ஐரோப்பாவில் பயிற்சி மருத்துவருக்கு வாரம் 48 மணி நேரம், அமெரிக்காவில் 80. இந்தியாவில் 1992லேயே தொடர் பணி பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று விதி எழுதியாகிவிட்டது, அது தாளில் இருக்கிறது. வேலை நேரம், உதவித்தொகை, முதுநிலை மாணவர் கையில் கத்தியைக் கொடுத்து அருகில் நிற்கும் ஆசிரியர் எண்ணிக்கை, இவற்றை உலக அளவில் சமமாக்குவோம் என்று எந்தத் தீர்மானமாவது வந்தால் முதல் கையெழுத்து என்னுடையது. அதற்குப் பணம் செலவாகும். வினாத்தாளுக்கு ஆகாது, அதை எழுதுகிறவர்களே கட்டணம் கட்டிவிடுவார்கள்.

அப்படியானால் பொதுவாக எதுவுமே வேண்டாமா? வேண்டும். முடிவுகளின் கணக்கு வேண்டும். யார் எங்கே படித்தாலும், இந்த ஆண்டு எத்தனை பைபாஸ், எத்தனை வால்வு, முப்பது நாளில் எத்தனை மரணம், எத்தனை பக்கவாதம், எத்தனை பேருக்கு மறுபடி நெஞ்சைத் திறக்க நேர்ந்தது என்பதை ஒவ்வொரு இதய அறுவை மையமும் ஒரே வடிவத்தில் பதிந்து வெளியிட வேண்டும். பிரிட்டனே இந்தப் பக்கம்தான் நகர்கிறது: 2023 நவம்பரிலிருந்து, வெளிநாட்டில் பயின்றவரை நிபுணர் பட்டியலில் சேர்க்கும்போது உன் பயிற்சி எங்கள் பயிற்சிக்குச் சமமா என்று கேட்பதை விட்டுவிட்டு, இங்கே நிபுணராகப் பணிபுரியத் தேவையான அறிவும் திறனும் அனுபவமும் உண்டா என்று கேட்கிறது. இந்தியாவில் இதய அறுவை முடிவுகளை மையவாரியாகக் கட்டாயம் வெளியிட வைக்கும் சட்டம் இல்லை.

இதற்கும் ஒரு நியாயமான எதிர்ப்பு உண்டு. கணக்கு வெளியானால் மருத்துவர்கள் பயந்து, ஆபத்தான நோயாளியைத் தொடாமல் விட்டுவிடுவார்கள் என்பது. நியூயார்க் மாநிலம் மருத்துவர் பெயரோடு மரண விகிதங்களை வெளியிடத் தொடங்கிய காலத்திலிருந்தே அங்கே இந்த வாதம் நடக்கிறது. அதற்காகத்தான் நோயாளியின் நிலையைக் கணக்கில் எடுத்து மதிப்பிடும் சூத்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் பெயர் பெற்ற யூரோஸ்கோர், எட்டு ஐரோப்பிய நாடுகளின் சுமார் 19,000 நோயாளிகளை வைத்து 1990களில் உருவானது. கூடலூரிலிருந்து கால் வீங்கி, எடை குறைந்து, நோய் முற்றி வருகிறவர் அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே நம் நோயாளிகளை வைத்து நம் சூத்திரத்தை உருவாக்க வேண்டும். கடினமான வேலைதான். உலகத் தேர்வுக்குச் செலவிட நினைக்கும் உழைப்பில் கொஞ்சத்தை இதற்குத் திருப்பினால் நடக்காத காரியமில்லை. கர்நாடகமும் தமிழ்நாடும் அரசுக் காப்பீட்டின் மூலம் ஆயிரக்கணக்கான இதய அறுவைகளுக்குப் பணம் கட்டுகின்றன. பணம் கட்டுகிறவருக்குக் கணக்குக் கேட்கும் அதிகாரம் உண்டு. பில்லோடு முப்பது நாள் முடிவையும் சேர்த்து அனுப்பினால்தான் தொகை விடுவிக்கப்படும் என்று ஓர் ஆணை போட்டால் போதும்.

அரசு போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நம்மவர்கள் கேட்பது, "டாக்டர் ஃபாரின்ல படிச்சவருங்களா?" என்றுதான். இனி வீட்டில் ஒருவருக்கு நெஞ்சைத் திறக்க வேண்டும் என்று சொல்லி ஒப்புதல் படிவத்தை நீட்டும்போது, வேறு இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இதே அறுவையை இங்கே போன வருஷம் எத்தனை பேருக்குச் செய்தீர்கள், அதில் எத்தனை பேர் முப்பது நாளைத் தாண்டினார்கள்? பதில் சொல்லத் தயங்கினால், அவசரம் இல்லாத பட்சத்தில், கையெழுத்துப் போடாமல் இன்னோர் இடத்திலும் விசாரியுங்கள்.